வாசகர் கேள்வி: கம்பெனி வக்கீல் போதாதா?

கேள்வி: எங்கள் கம்பெனி மீது மோசடி விசாரணை. நான் நிதிப் பிரிவு மேலாளர். கம்பெனி வக்கீலே எனக்கும் போதுமா?

பதில்: போதாது. அவர் கம்பெனியின் வக்கீல், நாளைக்கு ‘இதெல்லாம் மேலாளர் செய்தது’ என்று கம்பெனி சொன்னால் அதற்காகத்தான் வாதாடுவார், அதனால் உடனே தனி வக்கீல் வையுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி விசாரணை அதிகாரி உங்களிடம் சத்தியப் பிரமாணத்தில் வாக்குமூலம் வாங்கலாம், கையெழுத்திட்டால் அதை உங்களுக்கு எதிராகவே பயன்படுத்தலாம். மோசடிக்கு அதே சட்டத்தின் 447-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனும் சுலபமில்லை. அப்புறம், ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்காதீர்கள். மோசடியில் சிக்கிய அமெரிக்க எரிசக்தி கம்பெனியான என்ரானின் ஆவணங்களை அழித்ததற்காக, அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் 2002-இல் தண்டிக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை ரத்து செய்வதற்குள் அந்த நிறுவனம் ஏறக்குறைய கலைந்தே போய்விட்டது.