இலவம்பஞ்சு மெத்தை: கேளுங்கள், சொல்கிறேன்

போடி பக்கம் மெத்தை தைப்பது எங்கள் குடும்பத் தொழில். பஞ்சு, தென்னை நார், ரப்பர் மெத்தை பற்றிக் கேட்கலாம். முதுகுவலியை மருத்துவரிடம் கேளுங்கள்.

மதுரை வாசகர்: கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா ஐயா?

முடியும். தையலைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு சிட்டிகை எடுங்கள். ஓரத்தில் நல்ல பஞ்சும் நடுவில் மில் கழிவும் அடைப்பது பழைய வித்தை. இலவம்பஞ்சு இழைக்குள் காற்று; மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் அமுக்கினாலும் எழும்பி வரும். உயிர்காப்பு அங்கிகளில் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். வெளுத்த பருத்தி நனைந்து மூழ்கும்.

சேலம் வாசகர்: பாலியெஸ்டர் பஞ்சும் மிதக்கிறதே?

மிதக்கும். அதற்குத்தான் நெருப்பு. இன்னொரு சிட்டிகையை இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே பற்றவையுங்கள். சிட்டிகைதான், இலவம்பஞ்சு சட்டென்று பிடித்துக்கொள்ளும். அது காகித வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக இறுகும்.

சேலம் வாசகர்: வெளுக்காத பருத்தியும் கொஞ்ச நேரம் மிதக்கும், சாம்பலாகவும் எரியும். இப்போது?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. இப்போது விரல். இரு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கி இழுங்கள். பருத்தி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரியாக நீளும். இலவம்பஞ்சு வழுக்கிப் பிரிந்துவிடும். நூற்பதற்கு ஒத்துவராமல்தான் அது மெத்தைக்குள் வந்தது.

ஈரோடு வாசகர்: குறுக்கிடுகிறேன். விதை கிடந்தால் அசல் பஞ்சு என்பார்களே?

விற்பவர் சொல்வார். விதை கிடந்தால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றுதான் பொருள். அது எண்ணெய் வித்து. எலியை வீட்டுக்கு அழைக்கும்.

சேலம் வாசகர்: விதையைத் தனியாக வாங்கிக் கலக்கலாமே?

கலக்கலாம். நீங்கள் கடை வைத்தால் நான் வரமாட்டேன்.

நாகர்கோவில் வாசகி: ரப்பர் பால் மெத்தை நூறு சதவீதம் இயற்கை என்கிறார்களே?

பாலை நுரைக்கவைத்து, கந்தகம் முதலியன சேர்த்து வேகவைத்தால்தான் மெத்தையாகும். ஆகவே அந்த நூறு, விளம்பர நூறு. ‘கோல்ஸ்’ (GOLS) என்ற, இயற்கை வேளாண் ரப்பர் பாலுக்கான உலகத் தர முத்திரையே சான்று பெற்ற இயற்கை வேளாண் மூலப்பொருள் 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒதுங்கிவிடுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: தென்னை நார் மெத்தை?

நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து இறுக்குவது. பலவற்றில் மேலே செயற்கை ஃபோம் அடுக்கு ஒன்று ஒளிந்திருக்கும். தையலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி: பஞ்சு மெத்தையைத் துவைக்கலாமா?

கூடாது. வெயிலில் போட்டுத் தட்டுங்கள்.

கரூர் வாசகர்: வாஷிங் மெஷினில்?

மேலே பாருங்கள்.

தஞ்சை வாசகி: ஆறு மாதக் குழந்தைக்கு இலவம்பஞ்சுத் தலையணை வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் அம்மா. ஒரு வயதுக்குள் எந்தத் தலையணையும் வேண்டாம். மெத்தென்று அமுங்கும் படுக்கையும் கூடாது, மூச்சு முட்டும். மற்றதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

நெல்லை வாசகர்: முதுகுவலிக்கு எது நல்லது?

முதல் பத்தி.

மதுரை வாசகர்: கடைக்காரர் தையலைப் பிரிக்க மறுக்கிறார் ஐயா.

பணம் வாங்குவதற்கு முன்பே மறுத்தாரே, நல்லவர். அடுத்த கடைக்குப் போங்கள்.