விசில் ஊதி நரிய கூப்பிடுறது: கேளுங்க, சொல்றேன்

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்து ஆட்டுப்பண்ணைகள்ல பல வருஷமா நரி சுடுறேன், லைசன்ஸோட, நிலத்துக்காரர் அனுமதியோட. நரி இந்த மண்ணுல பொறந்த மிருகம் இல்ல, 1800கள்ல வெள்ளைக்காரங்க வேட்டையாடுறதுக்குன்னே கொண்டுவந்து விட்டது.

கே: அண்ணா, எந்த விசில் வாங்கலாம்?
தகரத்த மடிச்சு ஓட்ட போட்ட டென்டர்ஃபீல்ட் விசில் போதும். வாயில வச்சு காத்த உள்ள இழுக்கணும், அடிபட்ட முயல் கத்துற மாதிரி வரணும். வீட்லயே ஒரு வாரம் பழகுங்க.

கே: பாதி தூரம் வந்துட்டு நரி திரும்பிடுது, ஏன்?
காத்து தம்பி, காத்து. நரி நேரா வராது, சுத்தி வந்து உங்க வாசம் அடிக்கிற பக்கமாத்தான் மோப்பம் பிடிக்கும், ஒரு தடவ வாசம் ஏறிச்சுன்னா அன்னைக்கு அவ்ளோதான். காத்து முகத்துல அடிக்கிற மாதிரி உக்காருங்க, முதுகுப்பக்கம் குட்டையோ வெட்டவெளியோ இருக்கட்டும், சுத்தி வந்தா கண்ணுல படும். மொதல்ல மெதுவா மூணு நாலு தடவ ஊதுங்க, நரி பக்கத்துப் புதர்லயே படுத்திருக்கலாம். ஒரு நிமிஷம் அசையாம இருந்துட்டு அப்புறம் சத்தத்த ஏத்துங்க. நரி வர்றது தெரிஞ்சா நிறுத்திடுங்க, அது நின்னு யோசிச்சா மட்டும் உதட்டால எலி மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம். கால் மணி நேரம் பாத்துட்டு வரலன்னா அடுத்த மேட்டுக்கு போங்க. தப்பிச்ச நரி அடுத்த தடவ விசிலுக்கு லேசுல வராது, அதனால உறுதியில்லாம சுடாதீங்க, பின்னாடி மண்மேடு இருக்கான்னு பாக்காம ட்ரிகர்ல விரலே போகக்கூடாது.

கே: எந்த மாசம் நல்லா வரும்?
பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும். அந்த வருஷத்து குட்டிங்க தனியா கிளம்பி அலையும், அனுபவம் பத்தாது.

கே: எந்த விசில் பெஸ்ட் ப்ரோ?
மேல படிங்க.

கே: நரிய கூப்பிட சத்தம் போடுற எலக்ட்ரானிக் மெஷின் (காலர்) வச்சா காத்து பாக்க வேண்டாமா?
பாக்கணும்.

கே: ஊர்ல சேலம் பக்கம் வங்கநரிய இப்படி கூப்பிடலாமா?
கூடவே கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம், அதுக்கு ஊரே அதுதான். விட்ருங்க.

கே: அரசாங்கம் நரிக்கு காசு குடுக்குதே, எல்லாரும் சுட்டா ஒழிஞ்சிடாதா?
ஒழியாது. 2002-03ல வாலுக்கு 10 டாலர்னு குடுத்து பாத்தாங்க, 1,70,000 வாலுக்கு மேல வந்துச்சு, ஆனா நரி குறைஞ்சது மாநிலத்துல 4 சதவீதத்துக்கும் கம்மியான நிலத்துலதான். காலியான இடத்துக்கு பக்கத்து இளநரி வந்து உக்காந்துரும்.

கே: அப்ப நீங்க சுடுறதும் வேஸ்ட் தானே?
இல்ல, இத ஒத்துக்கவே மாட்டேன். ஆடு குட்டி போடுற அந்த சில வாரம் ஒரே பண்ணைய விடாம காவல் காத்தா எத்தன குட்டி பிழைக்குதுன்னு நிலத்துக்காரர கேளுங்க. அதோட அக்கம்பக்கத்து பண்ணைங்க ஒண்ணா சேந்து 1080ங்கிற விஷம் கலந்த தீனியும் வைக்கணும், ஒருத்தர் மட்டும் வச்சு பிரயோஜனம் இல்ல. இங்க வார்னம்பூல் ஊர் கடற்கரையோரம் இருக்கிற மிடில் ஐலண்ட் தீவுல கடல் தண்ணி வத்துறப்ப நரி நடந்தே போய் பென்குவின கொன்னு, நூத்துக்கணக்குல இருந்தது 2005ல பத்துக்கும் கீழ வந்துருச்சு. 2006ல மரெம்மாங்கிற ஆட்டுக்காவல் நாய காவலுக்கு விட்ட பிறகுதான் மறுபடி பெருகிச்சு. இடத்த காக்கணும் தம்பி, வால் எண்ணிக்க வேணாம்.

கே: ராத்திரி கண்ணு மின்னினா சுடலாமா?
நாய்க்கும் ஆட்டுக்குட்டிக்கும் கண்ணு மின்னும். முழு உடம்பு தெரியிற வரைக்கும் காத்திருங்க.

விசில் பத்தி இன்னும் நாலு பேர் கேட்டிருக்கீங்க, மொத பதில்லயே இருக்கு. விடியக்கால பண்ணைக்கு போகணும், மிச்சம் நாளைக்கு.