ஆச்சி பேரில் ஒரு கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வயது 54. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீட்டிலேயே ஆள் வைத்துச் சீர்ப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், அதிரசம், சீப்புச்சீடை எல்லாம் உண்டு. பணம் முழுக்கக் கணவர் கணக்குக்குப் போகிறது. அவருக்கு ஹார்டுவேர் கடை. நல்ல மனிதர், ஒரு குறையும் வைத்ததில்லை. மகள்தான், "உங்கள் பேரில் என்னம்மா இருக்கிறது?" என்கிறாள். நகை இருக்கிறது, பங்காளிகளுக்குப் பொதுவான பரம்பரைப் பெரிய வீட்டில் பங்கு இருக்கிறது என்றேன். போதாது என்கிறாள். இந்த வயதில் தனிக் கணக்கு கேட்டால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சிக்கு,

ஆகாது. பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், சீதனப் பணத்தை ஆச்சி பேரில், அதாவது மனைவி பேரில், தனியாகப் பேரேட்டில் எழுதி வட்டி சேர்த்தார்கள். 'ஆச்சிமார் பணம்' என்றே அதற்குப் பெயர். மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' இன்னொன்று. ஒரே வீடுதான், ஆனால் அடுப்பும் வரவு செலவும் தனி. அதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. உங்கள் வீட்டுக்காரரிடமும் இதையே சொல்லுங்கள், அவருக்குத் தெரியாத வழக்கமில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. பேர் ஆச்சியுடையது, பணம் கிடந்ததோ கடையில். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, கடைக்கு விழுந்த அடி அந்தப் பணத்துக்கும் விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பணம் கடை முதலோடு கலக்கவே கூடாது. கடைக்கு முடை வந்தால் முதலில் கை வைப்பது அதில்தான்.

சீதன நகை உங்களுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரி, ஆனால் பீரோவில் இருக்கும் காசுமாலை மாதாமாதம் மருந்துக்குப் பணம் தராது. அடகு வைத்தால் நீங்கள்தான் வட்டி கட்ட வேண்டும். பெரிய வீட்டுப் பங்கு அதைவிடச் சிரமம். பங்காளிகள் பத்து ஊரில் இருப்பார்கள், விற்பது லேசில்லை. ஓடு மாற்றவும் வரி கட்டவும் பணம் நம் கையிலிருந்துதான் போகும்.

அடுத்த முகூர்த்த ஆர்டரிலிருந்தே பலகாரப் பணம் உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். உங்கள் உழைப்பு அது, கேட்கத் தயங்க வேண்டாம். தபால் நிலையத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கினால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 15 வருடக் கணக்கு என்பதால் 70 வயதையொட்டி முடியும். கணவரை விட மனைவி பல வருடம் கூடுதலாக வாழ்வதை ஊரிலேயே பார்க்கிறோம், அந்த வயதில்தான் பணம் அதிகம் தேவைப்படும். 60 முடிந்ததும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். கைச்செலவுக்கு அதுதான் தோது.

அப்புறம், கணவர் பேரில் உள்ள டெபாசிட்டுகளில் உங்களையும் கூட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நாமினி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமையோதான் முடிவு செய்யும். உயிலை இருவருமே எழுதிவையுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் அவசியம். சொத்து பெறப்போகிறவர்களைச் சாட்சியாகப் போட வேண்டாம்.