முதுகு வலிக்குக் கஞ்சா அட்டை: கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன், வயது 43, எச்-1பி வேலை விசா. முதுகில் ஆபரேஷன் செய்து நான்கு வருடமாகியும் இடுப்பிலிருந்து கால் வரை வலி, மாத்திரைக்கு அடங்கவில்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு எனக்குத் தகுதி இருக்கிறது என்கிறார் டாக்டர். நண்பர் கொடுத்த கம்மியை (கஞ்சா கலந்த மிட்டாய்) இரண்டு முறை சாப்பிட்டதில் நன்றாகத் தூங்கினேன். கிரீன் கார்டுக்கான ஐ-485 மனு போட்டுக் காத்திருக்கிறேன். மருத்துவக் கஞ்சாவுக்கு மாநிலம் தருகிற அட்டையை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தூக்கமில்லாமல் தவிக்கிற ஒருவரிடம் இப்படிச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உங்கள் டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை. நியூ ஜெர்சி சட்டத்தில் நாள்பட்ட வலி தகுதிப் பட்டியலில் உண்டு. உங்களைத் தொடர்ந்து பார்க்கிற மருத்துவர் சான்று கொடுத்தால் மாநில ஆணையத்தில் பதிவு செய்து அட்டை வாங்கிவிடலாம். ஆனால் குடியேற்றம் மாநிலத்தின் கையில் இல்லை, அது மத்திய அரசின் சட்டம், அந்தச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். கலிஃபோர்னியாவில் ஏஞ்சல் ரைச் என்பவர், அவரும் தீராத வலியில் இருந்தவர்தான், டாக்டர் சொல்லிப் பயன்படுத்திய கஞ்சாவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் செல்லும் என்று 2005ல் தீர்ப்பு வந்துவிட்டது. மத்தியப் போதைப்பொருள் அட்டவணையில் கஞ்சாவின் இடத்தை மாற்றுவது பற்றிய செய்திகளை நம்பியும் இறங்காதீர்கள், ஒன்றாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குப் போனாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

பலருக்குத் தெரியாத விஷயம் இது: உங்களைக் கைது செய்ய வேண்டாம், வழக்கு கூட வேண்டாம். கஞ்சா வைத்திருந்தேன் என்று ஒரு அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டாலே கிரீன் கார்டு மறுக்கப் போதும். ஐ-485 படிவத்திலேயே போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்ற கேள்வி இருக்கிறது, மருத்துவப் பரிசோதனையிலும் கேட்பார்கள், வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் போனை வாங்கிப் பார்க்கவும் எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அதில் அட்டையின் படம் இருந்தால் என்ன சொல்வீர்கள்? மன்னிப்பு வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது 30 கிராமுக்குள், ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டும், அதுவும் வேறு நிபந்தனைகளோடு, அதிகாரி மனசு வைத்தால்தான். மாதாமாதம் வாங்குகிறவருக்கு அந்தக் கதவு மூடிவிடும். நீங்களோ ஏற்கெனவே இரண்டு முறை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் அந்த இரண்டு கம்மி விஷயத்தோடு உடனே ஒரு குடியேற்ற வழக்கறிஞரை நேரில் பாருங்கள், கம்பெனி வக்கீல் இல்லை, உங்களுக்கென்று தனியாக ஒருவர். அதுவரை வெளிநாட்டுப் பயணம் வேண்டாம், நண்பர்களிடமும் இதைப் பேச வேண்டாம். அதற்காக அதிகாரியிடம் பொய் சொல்லிவிடாதீர்கள், பொய் தனிக் குற்றம், அதற்கு வாழ்நாள் தடையே வரலாம். வக்கீலிடம் பேசாமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லலாம், அது பொய் ஆகாது.

சரி, வலிக்கு என்ன செய்வது? உங்கள் விசா நிலைமையை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், பல டாக்டர்களுக்கு இந்தச் சிக்கலே தெரியாது. நரம்புக்குப் போடும் ஊசி, ஆபரேஷனுக்குப் பிறகும் வலி நீடிப்பவர்களுக்கு முதுகுத்தண்டில் வைக்கிற மின்தூண்டல் கருவி, இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படுமா என்று கேளுங்கள். அப்புறம், வேலையிடத்திலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்த அளவு வலி ஊனமுற்றோர் சட்டத்துக்குள் வரலாம், எச்-1பி என்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. உயரம் மாற்றுகிற மேசை, இடையிடையே எழுந்து நடக்க நேரம், சில நாள் வீட்டிலிருந்து வேலை என்று டாக்டர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீடு, அலுவலகம் இருக்கிற அதே பெருநகரப் பகுதிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியே இருந்தால் கம்பெனி முதலில் உங்கள் எச்-1பி மனுவைத் திருத்த வேண்டியிருக்கும்.