நாக்கை விடுங்கள், மூக்கைக் கேளுங்கள்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மகள் ஒரு பாட்டில் ஷாம்பெயின் கொண்டுவந்தாள். அதற்குக் கிளாஸ் வாங்கப் போனால், கடைக்காரர் பர்கண்டி ஒயினுக்கு ஒன்று, போர்தோ ஒயினுக்கு ஒன்று, ஷாம்பெயினுக்கு ஒன்று என்று ஆறு வகை எடுத்து வைக்கிறார். "இந்த விளிம்பு ஒயினை நேராக நாக்கின் நுனியில் விடும், இனிப்பு அங்கேதான் தெரியும்" என்கிறார். கிளாஸின் வடிவத்தால் சுவை மாறுமா? ஷாம்பெயினுக்கு ஒல்லி கிளாஸா, அகலக் கிண்ணமா?
— வாசகர், கோவை

பதில்: நாக்கின் நுனி! இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எனக்கும் அந்த நாக்கு வரைபடத்துக்கும் உள்ள பகை தெரியும். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும் என்று பாகம் பிரித்த அந்தப் படம் தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகங்களில் ஓடியது. இப்போது கிளாஸ் கடைக்கும் வந்துவிட்டது. கிளாஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் ஓரம் நெடுகச் சர்க்கரை, உப்பு, புளிப்பு, கசப்புக் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு நீர்த்த கரைசல்வரை சுவை பிடிபடுகிறது என்று அளந்தார். இடத்துக்கு இடம் சிறிய வேறுபாடு இருந்தது. அவர் கண்டது அவ்வளவுதான். 1942-இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் தன் நூலில் அதைக் கோட்டுப்படமாகப் போட்டார். வேறுபாடு எத்தனை சிறியது என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை. கோடு தாழ்ந்த இடத்தில் அந்தச் சுவையே தெரியாது என்று பார்த்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வேறுபாடு உண்டு, பொருட்படுத்தும் அளவில் இல்லை என்று காட்டினார். அதன் பிறகும் படம் ஓயவில்லை. ஒரு கல் உப்பை எடுத்து நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்து பார்க்க எந்தப் பள்ளியிலும் ஆய்வுக்கூடம் தேவையில்லை, சமையலறை போதும். ஆனாலும் பிள்ளைகளுக்குப் படத்தை மனப்பாடம் செய்ய வைத்தோமே தவிர உப்பைக் கொடுக்கவில்லை. என் கோபம் அதில்தான்.

தவிர, ஒயின் நாக்கின் எந்த இடத்தில் முதலில் பட்டாலும் மறுநொடியே வாய் முழுக்கப் பரவிவிடும். சுவை மொட்டுகள் நாக்கு நெடுகவும் இருக்கின்றன, மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியிலும் இருக்கின்றன.

அப்படியானால் கிளாஸின் வடிவம் வெறும் விற்பனைத் தந்திரமா? இல்லை. கடைக்காரர் சொன்ன காரணம் தவறு, கிளாஸ் வேலை செய்வது உண்மை. அது வேலை செய்யும் இடம் மூக்கு. ஜலதோஷம் பிடித்தவருக்கு ரசத்தின் புளிப்பும் உப்பும் காரமும் தெரியும். சீரகமும் பெருங்காயமும் தெரியாது. ஒயினில் நாம் விரும்பும் பழம், பூ, மரம், ஈஸ்ட் எல்லாம் இந்தச் சீரகம் பெருங்காயப் பக்கத்தைச் சேர்ந்தவை. கிளாஸில் ஒயினுக்கு மேலே நிற்கும் காற்றில் அவை எவ்வளவு சேர்கின்றன, மூக்குக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதைக் கிண்ணத்தின் அகலமும் வாயின் குறுகலும் தீர்மானிக்கின்றன.

இதற்கு ஒரு சர்வதேசத் தர அளவே இருக்கிறது, ஐஎஸ்ஓ 3591 என்று பெயர், 1977-இல் வந்தது. தொழில்முறையில் ஒயின் சுவைப்பவர்களுக்கான கிளாஸ் அது. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 215 மி.லி., கிண்ணத்தின் அகன்ற இடம் 65 மி.மீ., வாய் 46 மி.மீ. ஊற்ற வேண்டியது 50 மி.லி. மட்டும். கால்பங்கு ஒயின், முக்கால்பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் கிளாஸின் வேலைசெய்யும் பாகம். விருந்துகளில் மரியாதை என்று நினைத்து விளிம்பு வரை ஊற்றுகிறார்களே, அங்கே எத்தனை விலையுயர்ந்த கிளாஸாக இருந்தாலும் வீண்தான். சுழற்ற முடியாது, வாசனை சேர இடமும் இல்லை.

2015-இல் டோக்கியோவில் மிட்சுபயாஷியின் குழு ஆல்கஹால் ஆவியைப் படமே பிடித்துக் காட்டியது. ஆவி பட்டால் ஒளிரும்படி நொதி (என்சைம்) ஏற்றிய வலையைக் கிளாஸின் வாய்மேல் வைத்தார்கள். 13 டிகிரி செல்சியஸில், ஒயின் கிளாஸில் ஆல்கஹால் விளிம்பை ஒட்டி வளையமாக நின்றது, நடுவில் குறைவு. மூக்கை நடுவில் வைப்பவருக்கு ஆல்கஹாலின் நெடி குறைந்து ஒயினின் வாசனை தெளிவாகக் கிடைக்கும். நேர்சுவர் கிளாஸிலும் மார்ட்டினி கிளாஸிலும் அந்த வளையம் உருவாகவில்லை. ஒயினைச் சூடாக்கியபோது ஒயின் கிளாஸிலும் இல்லை. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாறு என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டின் 16, 18 டிகிரியை. நம் ஊரின் 30 டிகிரியில் ஊற்றினால் எந்த வடிவமும் காப்பாற்றாது. சிவப்பானாலும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே கையால் உணர்ந்தவர் ஆஸ்திரியக் கண்ணாடிக் கலைஞர் க்ளவுஸ் ரீடல். பட்டை தீட்டிய, நிறம் ஏற்றிய, தடித்த கிளாஸ்களுக்கு மத்தியில் அவர் 1958-இல் மெல்லிய, அலங்காரமில்லாத, பலூன் போன்ற பர்கண்டி கிளாஸைச் செய்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. 1973-இல் திராட்சை வகைக்கு ஏற்ற கிளாஸ் வரிசையைக் கொண்டுவந்தார். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் திராட்சைக்கு ஒரு கிளாஸ் என்பது வீட்டுக்குத் தேவையில்லாத செலவு. 2002-இல் அமெரிக்காவில் டெல்விச்சும் பெல்ச்சட்டும், கிளாஸைப் பார்க்கவோ தொடவோ விடாமல் ஆட்களை முகரச் செய்தார்கள். வடிவத்தால் வேறுபாடு வரத்தான் செய்தது, ஆனால் நுட்பமான வேறுபாடு. கண்ணும் கையும் சேரும்போதுதான் அது பெரிதாகிறது.

இனி ஷாம்பெயின். இங்கே வாசனையோடு வாயுவும் சேர்கிறது, ஆகவே வடிவம் இன்னும் முக்கியம். 750 மி.லி. பாட்டிலில் லிட்டருக்கு 11, 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. வெளியே வந்தால் ஏறத்தாழ 5 லிட்டர் வாயு. பிரான்ஸின் ரேம்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் தன் வாழ்நாள் ஆய்வையே இந்தக் குமிழிகளுக்குக் கொடுத்தவர். ஊற்றிய பின் வாயுவின் பெரும்பகுதி குமிழியாகப் போவதில்லை, திரவத்தின் மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாமலே நழுவுகிறது என்று அவர் கணக்கிட்டுச் சொன்னார். அகலக் கிண்ணத்தின் குறை இதிலேயே புரியும். மேற்பரப்பு பெரிது, ஆழம் குறைவு. சீக்கிரம் வாயு இறங்கிவிடும், வாசனை நாலாபக்கமும் சிதறும், கை அசைந்தால் சிந்தும்.

அந்தக் கிண்ணம் பிரெஞ்சு ராணி மரி ஆந்துவானெத்தின் மார்பை வார்த்துச் செய்தது என்ற கதையும் எனக்குக் கடிதமாக வந்துகொண்டே இருக்கிறது. அது பொய். செவ்ர் பீங்கான் ஆலை அந்த ராணியின் ராம்பூயே பால்பண்ணைக்கு மார்பு வடிவக் கிண்ணங்கள் செய்து கொடுத்தது உண்மை. அவை பால் குடிக்கச் செய்தவை.

ஒல்லி கிளாஸ், அதாவது ஃப்ளூட், வாயுவை நன்றாகக் காக்கும். குமிழிச் சரம் உயரமாக ஏறுவது கண்ணுக்கும் அழகு. ஆனால் 2012-இல் லிஜே-பெலேர் குழு கிளாஸின் வாய்க்கு மேலிருந்த காற்றை அளந்தபோது, அகலக் கிண்ணத்தைவிட ஃப்ளூட்டின் மேல் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாகத் தேங்கியிருந்தது. அது மூக்கில் ஏறினால் சுருக்கென்று குத்தும். மிளகாய்க் காரம் போல அது வலி நரம்பின் சமாச்சாரம், அந்தக் குத்தலில் மெல்லிய வாசனைகள் அமுங்கிப் போகும். பல வருடம் ஈஸ்ட் வண்டலோடு பாதாள அறையில் வைத்து வளர்த்த ரொட்டி வாசனையும் கொட்டை வாசனையும் மூக்குக்கு எட்டாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல ஷாம்பெயினுக்குத் துலிப் வடிவம்தான் சரி: அடி கூம்பி, நடு ஆறேழு செ.மீ. அகன்று, வாய் மறுபடி குறுகியது. கிடைக்காவிட்டால் வெள்ளை ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும்.

குமிழியே வரவில்லை என்று ஷாம்பெயினைக் குறை சொல்பவர்கள் கவனிக்கவும். குமிழி தானாக உருவாவதில்லை. கிளாஸின் சுவரில் ஒட்டிய துணி நார், காற்றில் வந்த தூசி நார், இவற்றின் உட்குழலில் சிக்கிய துளிக் காற்றிலிருந்துதான் ஒவ்வொரு சரமும் கிளம்புகிறது. துளி நாரும் கீறலும் இல்லாத கிளாஸில் ஷாம்பெயின் தண்ணீர் போல அசையாமல் நிற்கும். அதனால்தான் சில கிளாஸ்களின் அடியில் லேசரால் புள்ளிகள் பொறிக்கிறார்கள். பாத்திர சோப்பின் மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் லிப்ஸ்டிக்கும் வேறு ரகம். அவை நுரையை உடைக்கும். ஆகவே சோப்பு பட்டால் வெந்நீரில் மூன்று நான்கு முறை அலசி, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துடைக்கும்போது கிண்ணத்தையே பிடியுங்கள். ஒரு கையால் அடித்தட்டையும் மறு கையால் கிண்ணத்தையும் பிடித்து முறுக்குவதால்தான் காம்பு முறிகிறது. கவிழ்த்து அலமாரியில் வைத்தால் பலகை வாசனை உள்ளேயே அடைபடும், நிமிர்த்தி வையுங்கள்.

பாட்டிலை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், மறந்தால் வெடிக்கும். பாதி ஐஸ் பாதி தண்ணீர் நிரம்பிய வாளியில் அரை மணிக்கு மேல் வைத்தால் 8, 10 டிகிரிக்கு வந்துவிடும். உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார்க்கைக் கட்டிய கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். கார்க்கை அசையாமல் பிடித்துப் பாட்டிலைத் திருப்புங்கள். ஊற்றும்போது பீர் ஊற்றுவது போலக் கிளாஸைச் சாய்த்துச் சுவர் வழியாக இறக்குங்கள். நிமிர்ந்த கிளாஸின் நடுவில் விழவிட்டால் கூடுதல் வாயு ஊற்றும்போதே போய்விடும் என்று 2010-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். குளிர்ச்சி குறைய இழப்பும் கூடும்.

கிளாஸைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பாட்டிலை விட மனம் வரவில்லை. ஷாம்பெயின் இருப்பதே கண்ணாடியால்தான். கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 1615-இல் இங்கிலாந்து கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடுத்தது. உலைகள் நிலக்கரிக்கு மாறின, சூடு கூடியது, தடித்த உறுதியான பாட்டில் பிறந்தது. 1662-இல் ஆங்கில மருத்துவர் கிறிஸ்டோபர் மெர்ரெட் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில், ஒயினில் சர்க்கரை சேர்த்துத் துள்ள வைக்கும் வழக்கத்தைப் பதிவு செய்தார். துறவி தோம் பெரிஞ்ஞோன் பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்திலுள்ள ஓவில்லே மடத்துக்கு வந்தது 1668-இல்தான். குமிழியைக் கண்டுபிடித்தவராகக் கொண்டாடப்படும் அவர், தன் ஒயினில் குமிழி வராமல் தடுக்கப் பாடுபட்டவர்.

உங்கள் கடைக்காரர் எடுத்து வைத்த ஆறில் துலிப் வடிவம் இரண்டு வாங்குங்கள். விளிம்பு மெல்லியதாக, விரல் ஓட்டினால் உருண்டை மடிப்பு தட்டாமல் இருக்கட்டும். வாங்கிய அன்றே சோதித்துப் பாருங்கள்: துலிப்பிலும் எவர்சில்வர் டம்ளரிலும் ஒரே பாட்டிலிலிருந்து 60 மி.லி. ஊற்றி, கண்ணைக் கட்டிக்கொண்டு, மகளை மூக்கருகே மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மீதமிருந்தால் பாட்டில் வாயில் கரண்டியைச் செருகும் வைத்தியத்தை நம்பாதீர்கள், அது எதையும் தடுக்காது. கொக்கி போட்டுப் பிடிக்கும் ஷாம்பெயின் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளும் குமிழி இருக்கும்.