அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டு அளவு காணும் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) வந்த இளஞ்சிவப்பு சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறதே, முடிவு நிலையைத் தவறவிட்டேனா?

உடனே மறைந்தால், நீங்கள் இன்னும் முடிவு நிலைக்கே, அதாவது அமிலம் முழுதும் காரத்தால் நடுநிலையான கட்டத்துக்கே, வரவில்லை. குலுக்கிய பிறகும் நிறம் சுமார் 30 நொடி நின்றால் அதுவே முடிவு நிலை. அதற்கப்புறம் வெளுத்தால் கவலை வேண்டாம், இன்னொரு துளி விடவும் வேண்டாம்.

வெளுக்கக் காரணம் காற்று. கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், பியூரெட்டில் (அடியில் திறப்புக் குழாய் உள்ள அளவுக் கண்ணாடிக்குழல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு நிலையில் மிஞ்சியிருப்பது ஒரு துளிக்கும் குறைவான காரம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து அதையும் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் மாற்றிவிடும். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) சுமார் 8.2-க்குக் கீழே இறங்கினால், இளஞ்சிவப்பைத் தரும் நிறங்காட்டியான பினாப்தலீன் நிறமற்றதாகிவிடும். நிறத்தை நிறுத்த மேலும் காரம் விட்டுக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் பிழை, அளவு 0.2, 0.3 மி.லி. கூடிவிடும்.

நிறம் வந்து கரைய நேரமெடுக்கத் தொடங்கியதும் பியூரெட்டின் குழாயை லேசாகத் திறந்து, நுனியில் அரைத்துளி தொங்கவிட்டு, குடுவையின் உள்சுவரில் தொட்டெடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி இறக்குங்கள். அடியில் வெள்ளைத்தாள் வைத்தால் மெல்லிய நிறமும் தெரியும். அடர் ரோஜா நிறம் வந்தால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

நிறங்காட்டி இரண்டு துளி போதும். அதுவே ஒரு வலிமை குறைந்த அமிலம் என்பதால் அதிகம் விட்டால் அதுவும் காரத்தைச் செலவழிக்கும். ஆல்கஹாலில் கரைத்தது என்பதால் அதிகம் விட்டால் கரைசல் கலங்கும். பியூரெட்டைக் காரக்கரைசலால் அலசலாம். குடுவையை அமிலத்தால் அலசக் கூடாது, தண்ணீர் மட்டும்தான்.