கடன் வாங்கி யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகலாமா?

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் போக 15,000 ரூபாய் மிஞ்சும். மகளுக்கு வயது 9, மகனுக்கு 3 வயது 4 மாதம், அம்மாவுக்கு 63. டிசம்பர் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் சிங்கப்பூர் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக ஆசைப்படுகிறோம். எங்களில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. பயண முகவர் ஒருவர் 4 இரவுகளுக்கு 3,90,000 ரூபாய் கேட்கிறார். அதில் 2 இரவுகள் பூங்கா அமைந்த ரிசார்ட் வளாகத்து விடுதியிலேயே தங்கலாம். 90,000 முன்பணம் கட்டினால், மீதி 3 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மாதம் 28,000 வீதம் 12 தவணைகளில் கட்டலாம் என்கிறார். இடம் பிடிக்க இந்த மாதமே 25,000 ரூபாய் கேட்கிறார். கையில் தொடர் வைப்பில் 1,60,000 ரூபாயும், நிரந்தர வைப்பில் 2,00,000 ரூபாயும் உள்ளன. தவணையில் போகலாமா, நகைக் கடன் வாங்கலாமா? வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் ஐந்து பேருக்கும் வாங்க வேண்டுமா?

பதில்: போய் வாருங்கள், ஆனால் டிசம்பரில் வேண்டாம், கடனிலும் வேண்டாம். வரும் மே மாதத்தின் முதல் பாதியில், உங்கள் சொந்தச் சேமிப்பிலேயே இந்தப் பயணத்தை முடித்துவிட முடியும் என்பதை உங்கள் கணக்கே காட்டுகிறது.

முதலில் தவணையைப் பார்ப்போம். 12 தவணைகளில் நீங்கள் கட்டுவது 3,36,000 ரூபாய், வட்டி 36,000. மூன்று லட்சத்துக்கு முப்பத்தாறாயிரம் என்றால் 12 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று லட்சம் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருக்கப்போவதில்லை; முதல் மாதத்திலிருந்தே அசலும் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் அசலின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். எக்செல் தாளில் ‘ரேட்’ என்ற சூத்திரத்தைப் போட்டு ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமானது, மாதம் 15,000 மிஞ்சும் வீட்டில் 28,000 ரூபாய் தவணைக்கு இடமில்லை என்பது. பற்றாக்குறையான 13,000 ரூபாய் மாதந்தோறும் அந்த நிரந்தர வைப்பிலிருந்துதான் போகும். ஆண்டு முடிவில் அவசரத்துக்கென்று வைத்த பணம் ஏறத்தாழ முக்கால்வாசி கரைந்திருக்கும். நகைக் கடனில் வட்டி இதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மருத்துவச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ அடகுக்குப் போக வேண்டிய நகையை ஐந்து நாள் உல்லாசத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

முகவர் சொன்ன தொகையில் இன்னொன்றையும் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்: ஜி.எஸ்.டி.யும் டி.சி.எஸ். எனப்படும் மூலத்தில் வசூலிக்கப்படும் வரியும் அதில் அடங்கியிருக்கின்றனவா? 2025-26 நிதியாண்டின் விதிப்படி, இந்திய முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் 10 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கப்பட்டது. இது உங்கள் பான் எண்ணில் வரவாகி 26 ஏ.எஸ். படிவத்தில் தெரியும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது நிறுவனத்திடம் தெரிவித்துச் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் சரிக்கட்டச் சொல்லலாம். ஆக அது நஷ்டமில்லை, ஆனால் சில மாதங்கள் முடங்கும் பணம். ஜி.எஸ்.டி. திரும்பி வராது. 2025-26 விகிதங்களில், இரண்டும் தனி என்றால் 3,90,000 என்பது 4,30,000 ரூபாயை நெருங்கிவிடும். விமானச் சீட்டையும் விடுதியையும் பூங்கா நுழைவுச்சீட்டையும் நீங்களே தனித்தனியாக வாங்கினால் அது தொகுப்பாகாது, இந்த டி.சி.எஸ்.ஸும் பிடிக்கப்படாது. இத்தகைய வரி விகிதங்களை அரசு மாற்றிக்கொண்டே இருக்கிறது என்பதால், எதற்குப் பணம் கட்டினாலும் கட்டும் நாளின் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏன் மே மாதம் என்பது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டு இறுதி விடுமுறை. நம் அரையாண்டு விடுமுறை வருவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில். ஆண்டிலேயே கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் வாரங்களுள் அது ஒன்று. வடகிழக்குப் பருவமழை அங்கேயும் பெய்யும் காலம், மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மே முதல் பாதியில் நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, ஆனால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அவர்களுடைய ஜூன் விடுமுறை மே இறுதியில்தான் தொடங்கும். மே முதல் தேதி அங்கும் பொது விடுமுறை. அதைத் தவிர்த்து, ஒரு செவ்வாயோ புதனோ பூங்காவுக்குப் போகும்படி நாளை அமைத்துக்கொண்டால், வரிசையில் நிற்கும் நேரமும் குறையும், எக்ஸ்பிரஸ் பாஸின் தேவையும் குறையும். கோடையில் நம் ஊரிலிருந்து புறப்படும் விமானங்களில் கட்டணம் கூடுதல்தான். பிப்ரவரிக்குள் சீட்டு எடுத்துவிட்டால் அது தாங்கக்கூடிய அளவில் இருக்கும். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் உண்டு. ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண விமானங்களின் அடிப்படைக் கட்டணத்தில், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியும் சாப்பாடும் சேராது. ஐந்து பேருக்கு இரண்டு பெட்டிகள் போதும் என்றால் இரண்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

மகனின் விஷயத்தில் ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் செலவு. யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயது நிரம்பாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. மே மாதத்துக்குள் அவனுக்கு 4 வயது கடந்துவிடும் என்பதால் சுமார் 4,200 ரூபாய் கூடுதலாகும். இதற்காக டிசம்பரிலேயே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே சவாரியைத் தீர்மானிப்பது வயதன்று, உயரம். வாயிலில் அளவுகோலின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், ஒரு செ.மீ. குறைந்தாலும் கெஞ்சிப் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107, மம்மி சவாரிக்கு 122, பாட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 என்று வைத்திருக்கிறார்கள். புஸ் இன் பூட்ஸ் போன்ற சிறுவர் சவாரிக்கே 100 செ.மீ. வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வளர்வார்கள். இன்றே இருவரையும் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, ஏப்ரலில் மறுபடி அளந்து பாருங்கள். மகள் 125ஐத் தாண்டியிருந்தால் அவளுக்குப் பூங்கா முழுவதும் திறந்திருக்கும்.

எக்ஸ்பிரஸ் பாஸ் கேள்விக்கும் விடை இந்த அளவுகளில்தான் இருக்கிறது. அந்தப் பாஸ் நுழைவுச்சீட்டுக்கு மேல் தனியாக வாங்க வேண்டியது. கூட்டமான நாட்களில் நுழைவுச்சீட்டின் விலையையே தொட்டுவிடும். மம்மி சவாரியில் ஏறப்போகாத அம்மாவுக்கும், ஏற முடியாத மகனுக்கும் அதை வாங்குவது வீண் செலவு. அப்படியே வாங்குவதென்றாலும் உங்களுக்கும் மகளுக்கும் மட்டும் வாங்கலாம். மே மாத வார நாள் என்றால் அதுவும் வேண்டாம். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாயிலில் நின்று, மகளுக்கு மிகப் பிடித்த இரண்டு சவாரிகளை முதலில் முடித்துவிடுங்கள். சின்னவனோடு ஒருவர் காத்திருக்க மற்றவர் சவாரி செய்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் இடம் மாறிக்கொள்ளும் வசதியைப் பணியாளரிடம் கேட்டுப் பெறுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ரிசார்ட் விடுதியைப் பற்றி முகவர் பெரிதாகச் சொல்லியிருப்பார். பூங்கா ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளில் வளாகத்திலேயே தங்குவதில் பொருளுண்டு. சிங்கப்பூரில் நிலைமை வேறு. நகரின் லிட்டில் இந்தியா பகுதியில் அறை எடுத்தால், அங்குள்ள நிலையத்தில் ரயில் ஏறி ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து கடல்மேல் போட்ட நடைபாதையில் நடந்தே செந்தோசாவுக்குப் போய்விடலாம், அம்மாவுக்கு நடப்பது சிரமம் என்றால் விவோசிட்டி கட்டடத்திலிருந்து மோனோ ரயிலில் போகலாம். வளாக விடுதியில் ஓர் அறைக்கு 400 சிங்கப்பூர் டாலர், லிட்டில் இந்தியாவில் நடுத்தர அறைக்கு 130 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு அறை, இரண்டு இரவுக்கு வித்தியாசம் 1,080 டாலர். டாலருக்கு 70 ரூபாய் என்று கணக்கிட்டால் 75,600 ரூபாய். ஐந்து பேருக்கும் பூங்கா நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகும் அதில் 50,000க்கு மேல் மிஞ்சும். தேக்கா சந்தையும் சைவ உணவகங்களும் காலடியில் இருக்கும் இடத்தில் தங்குவது அம்மாவுக்கும் ஏற்றது. அறை விலையிலோ உணவகப் பட்டியலிலோ இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் மட்டும் கவனியுங்கள்: 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு என்று பொருள். 100 டாலர் என்று படித்தது 119 டாலர் 90 காசாக வந்து நிற்கும்.

மே மாதத்துக்கான என் உத்தேச மதிப்பீடு இது. விமானக் கட்டணம் ஆளுக்கு 22,000 என்று 1,10,000 ரூபாய். விசா, முகவர் கட்டணத்தோடு 15,000. லிட்டில் இந்தியாவில் இரண்டு அறைகள் 4 இரவுக்கு 72,800. பூங்காவுக்கு ஒரு நாள், பெரியவருக்கு 80 டாலர், பிள்ளைக்கு 60, 60 வயது கடந்தவருக்கான சலுகைச் சீட்டு 45 என்று வைத்தால் 22,750. சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் நாளொன்றுக்கு 110 டாலர், ஐந்து நாளுக்கு 38,500. மற்ற இடங்களுக்கு 15,000, பயணக் காப்பீட்டுக்கு 4,000. கூட்டினால் 2,78,050, எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 3,06,000. உங்கள் தொடர் வைப்பில் 1,60,000 இருக்கிறது. மிஞ்சும் 15,000 ரூபாயை இன்னும் பத்து மாதங்கள் சேர்த்தால் 3,10,000. நிரந்தர வைப்பைத் தொடவே வேண்டியதில்லை. இந்தப் பத்து மாதச் சேமிப்பைப் பங்குச் சந்தை சார்ந்த எதிலும் போடாமல் வங்கியின் தொடர் வைப்பிலேயே போடுங்கள். மே மாதம் சந்தை எப்படி இருக்குமோ, விமானம் அதற்காகக் காத்திருக்காது. இடையில் வேறு செலவு வந்து ஒரு மாதம் சேமிக்க முடியாமல் போனால், மற்ற இடங்களுக்கான தொகையைக் குறையுங்கள். மெரினா பே பகுதியின் பூங்காவையும் தாவரவியல் பூங்காவையும் காசில்லாமலே சுற்றிப் பார்க்கலாம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முதல் பயணத்தில் பலருக்கும் கை நழுவும் இடம் அது. பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு, லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபாய் போய்விடும். சிங்கப்பூர் டாலரிலேயே நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று பாகமாக நிரப்புங்கள். கிரெடிட் கார்டு விடுதியின் வைப்புத் தொகைக்கும் அவசரத்துக்கும் இருக்கட்டும். கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி ரூபாயா டாலரா என்று கேட்டால், டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இராது. சிங்கப்பூர் வருகை அட்டையை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் இணையத்தில் நிறைய உள்ளன. பூங்காவினுள் விற்கும் மழைக்கோட்டுக்குப் பதிலாகக் கரூரிலேயே ஐந்து வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜுராசிக் பார்க் சவாரியில் நனையாமல் வெளியே வருவது கடினம்.

அம்மாவுக்குப் பூங்கா நுழைவுச்சீட்டு எடுக்கும் முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அவரை நாள் முழுக்க வெயிலில் நடக்க வைப்பது அவருக்கும் சுகமில்லை, 3,150 ரூபாய்க்கும் நியாயமில்லை. அவர் விரும்பினால் உங்களோடு வரட்டும். இல்லையென்றால் அன்று காலை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அறையில் ஓய்வெடுக்கட்டும்.

இந்த மாதம் முகவருக்கு 25,000 கட்ட வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் தராத யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஐவருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்: பெரியவருக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பிள்ளைக்கு 1,000, 60 வயது கடந்த அம்மாவுக்கும் 8 வயது நிரம்பாத மகனுக்கும் அதில் பத்து சதவீதச் சலுகை உண்டு. ஆதார், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் இப்போது தொடங்கினால்தான் பிப்ரவரியில் விமானச் சீட்டு எடுக்க முடியும்.